இரண்டு டன் எடையை ஏன் கட்ட வேண்டும்?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரிக்கு அருகிலுள்ள நெடுஞ்சாலையில் ஒரு விபத்து நேர்ந்தது. பழைய டிராக்டர் ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்த லாரி, குறுக்கே புகுந்த ஆட்டு மந்தையைக் கண்டு சட்டென்று நின்றது. லாரி நின்றுவிட்டது, டிராக்டர் நிற்கவில்லை. அது முன்னோக்கி நகர்ந்து ஓட்டுநர் அறையின் பின்சுவரை உள்ளே தள்ளிவிட்டது. ஓட்டுநர் காயத்தோடு பிழைத்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளீனர் பையன் பிழைக்கவில்லை. டிராக்டரைக் கட்டியிருந்தது ஒரே ஒரு நார்க்கயிறு.

மறுநாள் வகுப்பில் பாடம் நடக்கவில்லை. எல்லாரும் இதையே பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "சார், அந்த டிராக்டர் ரெண்டு டன் இருக்கும். அவ்வளவு கனமான வண்டி எப்படி சார் நகரும்? லேசான சாமானைத்தானே கட்டணும்?"

சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வியன்று இது. லாரித் தொழிலிலேயே ஊறியவர்களிடமும் இந்த எண்ணத்தைக் கேட்டிருக்கிறேன். "அது கனத்துக்கு எங்கே போகப்போகுது?" என்பார்கள். இந்த எண்ணம் ஏன் தவறு என்பதை அறிவியல் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. ஆனால் அந்த விடை பாரவண்டியின் தளத்தை வந்தடையத்தான் நெடுங்காலம் ஆயிற்று.

காது கேளாதவரும் கோட்டை கட்டியவரும்

1699ஆம் ஆண்டில் பாரிசிலிருந்த அறிவியற் கழகத்தின் முன் கியோம் அமொந்தோன் என்பவர் உராய்வைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். இளமையிலேயே செவிப்புலனை இழந்தவர் அவர். இரண்டு செய்திகளை அவர் சொன்னார். ஒரு பொருளை மற்றொன்றின் மேல் நகர்த்தத் தேவையான விசை, அப்பொருளின் எடைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஒன்று. தொடும் பரப்பு பெரிதானாலும் சிறிதானாலும் அவ்விசை மாறாது என்பது மற்றொன்று. இரண்டாவது செய்தியைக் கழகத்தார் எளிதில் நம்பவில்லை. சோதித்துப் பார்த்த பின்னரே ஏற்றுக்கொண்டனர். இவ்வுண்மைகளை லியொனார்டோ டா வின்சி அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தம் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார். ஆனால் அந்த ஏடுகள் அப்போது உலகின் கண்ணில் படவில்லை.

அதன்பின் வந்தவர் சார்ல் கூலோம். மின்னூட்டங்களுக்கிடையே உள்ள விசைக்காக இன்று நாம் அவர் பெயரைச் சொல்கிறோம். உண்மையில் அவர் படைப்பொறியாளர். மார்த்தினீக் தீவில் பல ஆண்டுகள் கோட்டை கட்டி, உடல்நலம் கெட்டுத் திரும்பியவர். பின்னர் ரோஷ்ஃபோர் கப்பல் தளத்தில் பணியிலிருந்தபோது அங்கேயே உராய்வுச் சோதனைகளைச் செய்தார். கப்பலைக் கட்டி முடித்துச் சரிவில் இறக்கும் இடத்தில் உராய்வைப் பற்றிக் கேட்க வேண்டிய தேவை யாருக்கும் தோன்றும். மரத்தின் மேல் மரம், மரத்தின் மேல் உலோகம் என்று மாற்றி மாற்றிப் பார்த்து அவர் எழுதிய நூலுக்கு 1781இல் அறிவியற் கழகத்தின் பரிசு கிடைத்தது. அசையாதிருக்கும் பொருளை முதலில் அசைப்பதுதான் கடினம், அசைந்தபின் இழுப்பது அதைவிட எளிது என்பதையும் அதில் அளந்து காட்டினார்.

இப்போது மாணவனின் கேள்விக்கு வருவோம். எடை கூடினால் உராய்வு கூடுகிறது என்பது சரியே. ஆனால் எடை கூடும்போது நிலைமமும் கூடுகிறதே! லாரி நிற்கும்போது அதன் மேலுள்ள டிராக்டரையும் நிறுத்த ஒரு விசை வேண்டும். டிராக்டரின் நிறை இரு மடங்கானால் அவ்விசையும் இரு மடங்காக வேண்டும். உராய்வும் இரு மடங்காகிறது. தேவையும் இரு மடங்காகிறது. கணக்கின் இருபுறமும் நிறை வந்து அடிபட்டுப் போகிறது. இரண்டு டன் டிராக்டரும் இரண்டு கிலோ டிபன் பெட்டியும் ஒரே தளத்தில், ஒரே அளவு உராய்வுக் குணகத்தோடு இருந்தால், ஒரே நொடியில் நகரத் தொடங்கும். ஒரு வேறுபாடு உண்டு: டிபன் பெட்டி நம் முதுகில் மோதினால் திட்டிவிட்டு எடுத்து வைக்கலாம்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். நல்ல பிரேக் உள்ள லாரியின் எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் பத்தில் எட்டுப் பங்கு வரை போகக்கூடும். அதாவது விநாடிக்கு விநாடி 8 மீட்டர். ரப்பர் டயருக்கும் பலகைத் தளத்துக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.5 என்று கொள்வோம். உராய்வு கொடுக்கக்கூடியது பத்தில் ஐந்து பங்கு. வேண்டியது எட்டுப் பங்கு. மீதி மூன்று பங்கு முடுக்கத்தோடு டிராக்டர் லாரியைப் பார்த்து ஓடுகிறது. இடைவெளி ஒன்றரை மீட்டர் என்றால் ஒரே விநாடியில் ஓட்டுநர் அறையைத் தொட்டுவிடும். அப்போது அதன் சார்பு வேகம் விநாடிக்கு 3 மீட்டர். இரண்டு டன் இரும்பை முழங்கால் உயரத்திலிருந்து மேலே போட்டது போன்ற அடி அது. மணிக்கு 60 கிலோமீட்டரில் வந்த லாரி முழுதும் நிற்க இரண்டு விநாடிகளுக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

நான் கணக்கைச் சற்றுத் தாராளமாகவே போட்டிருக்கிறேன். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே உண்டு. முன்சக்கரங்கள் உருளும், உருளும் சக்கரம் உராய்வால் எதையும் பிடித்து நிறுத்தாது. எடையில் பின்சக்கரங்கள் தாங்கும் பகுதிக்கு மட்டுமே உராய்வைக் கணக்கிட வேண்டும். லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் டிராக்டர் தளத்தைவிட்டுக் கணநேரம் எழும்பும். எழும்பிய கணத்தில் உராய்வு ஏறக்குறைய இல்லவே இல்லை.

தானே ஓடும் வண்டியை ஏன் சுமக்க வேண்டும்?

டிராக்டரும் ஒரு வண்டிதானே, அதையே ஓட்டிக்கொண்டு போகக்கூடாதா? இக்கேள்விக்கு விடை காணக் கலிபோர்னியா மாநிலத்து ஸ்டாக்டன் நகருக்குப் போக வேண்டும். அங்கே ஆற்றுக் கழிமுகத்தின் கரிசேற்று நிலம் வளமானது. ஆனால் மெத்தை போன்றது. நீராவி எந்திர டிராக்டர்கள் அதில் புதைந்து போயின. சக்கரத்தை அகலமாக்கிப் பார்த்தார்கள். வண்டி ஒரு வீட்டின் அகலத்துக்கு வளர்ந்ததே தவிர, தொல்லை தீரவில்லை. பெஞ்சமின் ஹோல்ட் என்ற தொழிலதிபர் பின்சக்கரங்களைக் கழற்றிவிட்டு, மரப்பட்டைகளைக் கோத்த தொடர்ப் பட்டையைச் சுற்ற வைத்தார். 1904ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் அது வெள்ளோட்டம் விடப்பட்டது. படம் பிடிக்க வந்தவர் அது கம்பளிப்பூச்சி போல் ஊர்கிறது என்றாராம். அதற்கான ஆங்கிலச் சொல்லே 'கேட்டர்பில்லர்' என்று வணிகப் பெயராகிவிட்டது. நம் ஊர்களில் 'செயின் வண்டி' என்கிறார்களே, அந்தக் குடும்பத்தின் மூதாதை இதுதான்.

சேற்றில் மிதக்கும் அந்தப் பட்டை சாலையில் ஒரு பகைவன். இரும்புப் பற்கள் சாலையின் மேற்பரப்பைப் பெயர்த்துவிடும். பட்டையின் கணுக்களும் தேய்ந்து போகும். சக்கர டிராக்டர்கள் மட்டும் என்ன வாழ்ந்தன? அவற்றின் இரும்புச் சக்கரங்களிலும் கூரான முளைகள் இருந்தன. 1932இல் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் காற்றடைத்த ரப்பர் டயரோடு தன் 'யு' வகை டிராக்டரை விற்கத் தொடங்கியது. உழவர்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள். அவர்களை நம்ப வைக்கக் கார்ப் பந்தய வீரர் பார்னி ஓல்ட்ஃபீல்டை அழைத்து வந்து, 1933இல் டல்லஸ் நகரில் ஒரு டிராக்டரை மணிக்கு 64 மைல் வேகத்தில் ஓட வைத்தார்கள். அது விளம்பரம், வயலில் யாரும் அப்படி ஓட்டப் போவதில்லை. ஆனால் அதன்பின் சக்கர டிராக்டர் சாலைக்குத் தகுந்ததாயிற்று. பட்டை வண்டிக்கு அந்த விடுதலை வரவில்லை. தொலைவு போக வேண்டுமானால் யாராவது அதைச் சுமந்துதான் ஆக வேண்டும்.

முதலில் சுமந்தது இரயில். ஹோல்ட் டிராக்டரைக் கண்டு தூண்டுதல் பெற்றவர்களுள் ஒருவர் ஆங்கிலப் படை அதிகாரி எர்னஸ்ட் ஸ்வின்டன். முதல் உலகப் போரில் டாங்கி பிறந்ததில் அவருக்குப் பங்குண்டு. 1916 செப்டம்பரில் களம் இறங்கிய முதல் வகை டாங்கியின் எடை 28 டன். பக்கங்களில் பீரங்கிக்காகத் துருத்திய பெட்டிகள் இரயில் பாதையின் அகல வரம்பைத் தாண்டின. ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கும் அவற்றைக் கழற்றித் தனியே ஏற்றி, இறங்கிய இடத்தில் மீண்டும் பூட்ட வேண்டியிருந்தது. படைவீரர்கள் எத்தனை சபித்திருப்பார்கள் என்பதை ஊகிக்கலாம். நான்காம் வகையில் அந்தப் பெட்டிகள் உட்புறமாகத் தள்ளக் கூடியவையாக மாற்றப்பட்டன. 1917 நவம்பர் 20ஆம் நாள் காம்ப்ரே போரில் நானூற்றுக்கு மேற்பட்ட டாங்கிகள் ஒரே காலையில் புறப்பட்டன என்றால், அதற்கு முன் அத்தனையையும் தட்டை வண்டிகளில் ஏற்றி இரவோடிரவாகக் கொண்டு சேர்த்திருந்தார்கள். ஒரு எந்திரத்தை வடிவமைக்கும்போதே 'இதை எப்படிச் சுமப்பது?' என்றும் கேட்க வேண்டும் என்பது அங்கே கற்ற பாடம்.

சாலைக்கு வந்த இழுவண்டி ஒரு படகிலிருந்து தொடங்கியது. 1914இல் டெட்ராய்ட் நகர மரவணிகர் ஃப்ரெடெரிக் சிப்லி தம் படகை ஏரிக்குக் கொண்டுபோக விரும்பினார். கொல்லரான ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் ஓர் இரட்டைச் சக்கர வண்டி செய்து, அதன் முன்முனையை ஃபோர்டு காரின் பின்புறத்தில் ஏற்றிப் பூட்டினார். சுமையின் ஒரு பகுதியை இழுக்கும் வண்டியே தாங்கியது. மற்றொரு பகுதியைப் பின்சக்கரங்கள் தாங்கின. 'அரை டிரெய்லர்' என்ற பெயர் இதனால் வந்தது. படகு போய்ச் சேர்ந்ததும் சிப்லி அதுபோலவே மரம் ஏற்றவும் ஒன்று கேட்டார். ஃப்ரூஹாஃபின் கொல்லுலை பெருந்தொழிற்சாலையாயிற்று.

1929இல் இங்கிலாந்தில் ஸ்காமெல் நிறுவனம் நூறு டன் சுமக்கும் வண்டிகள் இரண்டைக் கட்டியது. இரயில் எஞ்சினையே அதில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுபோவார்கள். நீளம் மிகுதியாதலால் வளைவுகளில் வால் பகுதியைத் திருப்பப் பின்னால் ஒருவர் தனியே உட்கார்ந்திருப்பார். முன்னால் இருக்கும் ஓட்டுநருக்கும் அவருக்கும் இடையே தொலைபேசித் தொடர்பு! இவ்வளவு பெரிய சுமை ஏன் முன்னால் பாய்ந்து வந்து யாரையும் கொல்லவில்லை என்று மாணவர்கள் கேட்கலாம். வண்டி ஆமை போல் ஊர்ந்தது என்பதே விடை. மெதுவாக ஓடி மெதுவாக நிற்கும் வண்டியில் உராய்வே பெரும்பாலும் போதும்.

இங்கேதான் எனக்கு மிகவும் சுவையாகத் தோன்றும் ஒன்று இருக்கிறது. பிரேக் சரியில்லாத பழைய வண்டிகள் மனிதரை மோதிக் கொன்றன. பின்னர்க் காற்றடைத்த டயரும் காற்றழுத்தப் பிரேக்கும் வந்தன. வண்டி குறுகிய தொலைவில் நின்றது. சாலையில் நடப்பவர் பிழைத்தார். அதே நேரத்தில் தளத்தின் மேலுள்ள சுமைக்கு வேண்டிய நிறுத்துவிசை உயர்ந்துகொண்டே போனது. உராய்வு மட்டும் கூலோம் காலத்தில் இருந்த அதே உராய்வு. பிரேக் நல்லதாக ஆக, சங்கிலியும் நல்லதாக வேண்டும். இதைப் பலர் இன்றும் நினைப்பதில்லை. புது லாரி வாங்கியவர் பழைய கயிற்றையே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.

சங்கிலியும் கோணமும்

இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் டாங்கிகளின் பட்டைகள் விரைவில் தேய்ந்தன. போர்முனை வரை அவற்றைச் சுமந்து செல்லப் பிரிட்டிஷார் அமெரிக்காவிடம் வண்டி கேட்டனர். சிகாகோவின் டயமண்ட் டி நிறுவனம் கட்டிய இழுபொறிகளும், ராஜர்ஸ் நிறுவனத்தின் 45 டன் டிரெய்லர்களும் அப்படி வந்தவை. போர் முடிந்தபின் இத்தகைய வண்டிகள் பல சந்தைக்கு வந்து, கட்டடம், அணை, சாலைப் பணிகளுக்குப் புல்டோசர்களைச் சுமந்தன. சுமக்கும் தளம் தாழ்வாக இருப்பதற்குக் காரணம் இரண்டு. பாலங்களுக்கு அடியில் நுழைய வேண்டும். சுமையின் ஈர்ப்பு மையம் தாழ்ந்திருந்தால்தான் வளைவில் கவிழாது. 'லோ பெட்' என்று நம் ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான்.

ஆனால் இரும்புத் தளத்தின் மேல் இரும்புப் பட்டை நின்றால் உராய்வுக் குணகம் 0.2 அளவுக்கு இறங்கிவிடுகிறது. சேறோ எண்ணெயோ இருந்தால் இன்னும் குறையும். ஆதலால் அனுபவசாலிகள் தளத்தில் மரப்பலகை பரப்புவார்கள், அல்லது ரப்பர் விரிப்புப் போடுவார்கள். இருபது டன் புல்டோசர் வெறும் இரும்பின் மேல் நிற்பதாகக் கொள்வோம். வேண்டியது பத்தில் எட்டு. உராய்வு தருவது பத்தில் இரண்டு. மீதியான 12 டன் எடைக்குச் சமமான விசையைச் சங்கிலிகள் தர வேண்டும். முன்னோக்கிப் போகாமல் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பவை இரண்டு சங்கிலிகள் என்றால் தலைக்கு 6 டன் போதும் என்று தோன்றும். போதாது. சங்கிலி தளத்தோடு 45 பாகை சாய்ந்து, மேலிருந்து பார்க்கும்போது பக்கவாட்டிலும் 45 பாகை விலகியிருந்தால், அதன் இழுவிசையில் சரிபாதிதான் வண்டியின் நீளத் திசையில் வேலை செய்யும். கொசைன் 45 பாகையை இருமுறை பெருக்கிப் பாருங்கள். ஆகவே ஒவ்வொன்றிலும் 12 டன் இழுவிசை! சங்கிலியின் கீழ்நோக்கிய இழுப்பு உராய்வைச் சற்றுக் கூட்டும். அதை நான் விட்டுவிட்டேன். அமெரிக்கப் பாரவண்டிகளில் பரவலாக வழங்கும் பொன்னிறப் பூச்சுள்ள 'எழுபதாம் தரச்' சங்கிலியில் முக்கால் அங்குலத்தில் பாதித் தடிப்புள்ளது ஏறத்தாழ 3 டன்னுக்கு அனுமதிக்கப்பட்டது. அறுந்து போகும் விசை அதைப்போல் நான்கு மடங்கு. அந்த நான்கு மடங்கு பாதுகாப்புக்காக வைத்தது, செலவழிப்பதற்கன்று. எனவே தடித்த சங்கிலி வேண்டும், அல்லது கூடுதல் சங்கிலி வேண்டும், அல்லது பலகை பரப்பி உராய்வைக் கூட்ட வேண்டும். மூன்றையும் செய்தால் குறையொன்றுமில்லை.

சங்கிலியை இறுக்குவதற்கு ஒரு நெம்புகோல் கருவி நெடுநாள் வழக்கத்தில் உண்டு. கைப்பிடியைத் தள்ளி, நடுக்கோட்டைத் தாண்டியதும் அது தானே பூட்டிக்கொள்ளும். இறுகிய சங்கிலியிலும் அமுங்கிய டயரிலும் மீட்சி ஆற்றல் சேர்ந்திருக்கிறது. கழற்றும்போது அந்த ஆற்றல் முழுதும் கைப்பிடி வழியே ஒரே கணத்தில் வெளிப்படும். தாடை உடைந்தவர்களும் பல் இழந்தவர்களும் உண்டு. நெம்புகோலை நீட்ட இரும்புக் குழாய் மாட்டுவது இன்னும் கேடு: நீளம் இரு மடங்கானால் சேமித்த ஆற்றலும் கூடும், முனையின் வீச்சும் கூடும். பற்சக்கரமும் திருகும் கொண்ட இறுக்கி அதே ஆற்றலைச் சிறிது சிறிதாக விடுகிறது. விலை கூடுதல்தான், பல் கட்டும் செலவோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

டிராக்டருக்கே உரிய சில சிக்கல்களும் உள்ளன. அதன் முன் அச்சு நடுவில் ஓர் ஊசலச்சில் தொங்குகிறது, மேடு பள்ள வயலுக்காக. முன் அச்சை மட்டும் கட்டினால் உடல் பக்கவாட்டில் ஆடத் தடையில்லை. உடலையும் சேர்த்துக் கட்ட வேண்டும். பெரிய டயர்கள் வில் போன்றவை. அவற்றைச் சற்று அமுக்கும்படி சங்கிலி இறுக்கப்படாவிட்டால், ஒவ்வொரு குலுக்கலிலும் தளர்ந்து இறுகி, தளர்ந்து இறுகி, கொக்கி நழுவிவிடும். டிரெய்லரில் எந்த இடத்தில் நிறுத்துவது என்பதும் அற்பமன்று. சிறு டிரெய்லரில் சுமையைப் பின்தள்ளி நிறுத்தினால் இணைப்பு முனை மேலே தூக்கும். வேகம் கூடும்போது டிரெய்லர் பாம்பு போல் இடமும் வலமும் ஆடத் தொடங்கி, ஒவ்வோர் ஆட்டத்திலும் வீச்சு பெருகும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இணைப்பு முனையில் இறங்கும்படி டிராக்டரை முன்னே நிறுத்தினால் அந்த ஆட்டம் அடங்கும்.

இவ்வளவும் தொழிலாளரின் கைவழக்கமாகவே நெடுங்காலம் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலத்தில் சுமை நழுவியதால் நேர்ந்த விபத்துகள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் விசாரணைக்கு வந்தன. கட்டும் முறைக்குச் சோதனை அடிப்படை போதாது என்பது தெரிந்தது. அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து ஆய்வு நடத்தி, 2002இல் அமெரிக்காவில் புதிய விதிகள் வெளியாகி, 2004 சனவரி முதல் கட்டாயமாயின. முன்னோக்கி எடையில் பத்தில் எட்டுப் பங்கு, பின்னோக்கியும் பக்கவாட்டிலும் பத்தில் ஐந்து பங்கு விசையைக் கட்டு தாங்க வேண்டும். 4,536 கிலோவுக்கு மேற்பட்ட சக்கர அல்லது பட்டை எந்திரத்துக்கு நான்கு கட்டுகளாவது வேண்டும். வாளி, கலப்பை போன்ற உறுப்புகளை முழுதும் இறக்கிக் கட்ட வேண்டும். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஏறத்தாழ இதே எண்களுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். வியப்பில்லை; டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வு எல்லா நாட்டிலும் ஒன்றே.

அமெரிக்க விதியில் இன்னொன்றும் உண்டு. புறப்பட்ட 50 மைலுக்குள், அதாவது 80 கிலோமீட்டருக்குள், ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இறங்கிக் கட்டுகளைப் பார்க்க வேண்டும். அந்தத் தொலைவுக்குள்தான் டயர் அமுங்கி இடம் கொள்ளும், முறுக்கியிருந்த கண்ணிகள் நேராகும், பலகை சற்று நசுங்கும். காலையில் நாண் போல் நின்ற சங்கிலி அதற்குள் ஒரு விரற்கடை தொய்ந்திருக்கும். அதன்பின் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது 150 மைலுக்கு ஒருமுறை, மறுபடி இறங்க வேண்டும். கேள்வி கேட்ட அந்த மாணவனிடம் இதைச் சொன்னபோது, "அப்போ கிளீனர்தான் சார் இறங்கிப் பார்ப்பார்" என்றான்.